மரத்தை வெட்டும் முன் குழாயைப் பாருங்கள்: எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள் மற்றும் நகர்வாசிகள் அனைவருக்கும் வணக்கம்.

வரும் பொதுக்குழுக் கூட்டத்துக்கான நிகழ்ச்சி நிரல் கிடைக்கப்பெற்றேன். குறுக்குத் தெருவில் நிற்கும் இரண்டு தூங்குமூஞ்சி மரங்களையும் ஓர் இயல்வாகையையும் அகற்றித் தரும்படி சென்னை மாநகராட்சிக்கு விண்ணப்பிப்பது என்று ஒரு தீர்மானமும், வீட்டுக் கழிவுநீர் சேம்பர்களில் இறங்கி அடைப்பு எடுக்க ஆண்டு ஒப்பந்தத்தில் ஆள் அமர்த்திக்கொள்வது என்று இன்னொரு தீர்மானமும் அதில் இடம்பெற்றுள்ளன. இவ்விரண்டையும் நிறைவேற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவும், அவற்றுக்குப் பதிலாக நாம் செய்யக்கூடியது என்ன என்பதை எழுத்தில் வைக்கவும் இம்மடலை எழுதுகிறேன். கட்டட வேலைகளிலும் குழாய்ப் பணிகளிலும் நெடுங்காலம் மேற்பார்வையாளனாக இருந்தவன் என்ற முறையில், எனக்கு நேரடியாகத் தெரிந்தவற்றையே சொல்கிறேன்.

அடைப்பால் அவதிப்படும் வீடுகளின் துன்பத்தை நான் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. தரைத்தளத்தில் படுத்த படுக்கையாக ஒரு முதியவர் இருக்கும் வீட்டில், குளியலறைத் தரைத்துளை வழியாகக் கழிவுநீர் எதிர்த்து ஏறி வந்து கூடம் வரை பரவியதைக் கண்ணால் பார்த்தேன். அந்த வீட்டு அம்மாள் மரத்தை வெட்டச் சொல்லிக் கையெழுத்திட்டதில் வியப்பு இல்லை. ஆனால் மரம் போன பிறகும் அதே வீட்டில் அதே கழிவுநீர் மறுபடி ஏறி வரும் என்பதுதான் என் கவலை.

நம் நகரில் பழைய வீடுகளிலிருந்து தெருவுக்குப் போகும் குழாய்கள் பெரும்பாலும் ஸ்டோன்வேர் குழாய்கள். சுட்ட களிமண்ணில் பளபளப்புப் பூச்சுடன் செய்யப்பட்ட இக்குழாய்கள் எளிதில் அரிக்கப்படுவதில்லை. குழாயின் உடல் நூறாண்டு கூடத் தாங்கும். குறை அதன் நீளத்தில் இருக்கிறது. ஒரு குழாயின் நீளம் ஏறத்தாழ இரண்டு அடிதான். வீட்டுச் சேம்பரிலிருந்து தெரு மேன்ஹோல் வரை முப்பது அடி என்று வைத்துக்கொண்டால், மண்ணுக்குள் பதினைந்து இணைப்புகள் இருக்கின்றன. ஒரு குழாயின் முனையை அடுத்ததன் அகன்ற வாய்க்குள் நுழைத்து, தாரில் தோய்த்த சணல் கயிற்றைத் திணித்து, மேலே சிமென்ட் கலவையைப் பூசுவதுதான் அந்த இணைப்பு. பள்ளத்துக்குள் குனிந்து வேலை செய்யும் கொத்தனாரின் கை மேல்பாதிக்கும் பக்கங்களுக்கும் நன்றாகப் போகும்; அடிப்பாகத்துக்குப் போகாது. ஒவ்வோர் இணைப்பின் அடியிலும் மண்ணைச் சற்றுக் குழித்துக் கைக்கு இடம் விட வேண்டும் என்பது முறை. அவசரத்தில் அதைச் செய்யாமல் விட்ட இடங்களில் இணைப்பின் அடிப்பாதி முதல் நாளிலிருந்தே அரைகுறைதான்.

அதன் மேல் நம் களிமண். கோடையில் இந்த மண் சுருங்கி விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பதையும், வடகிழக்குப் பருவமழையில் ஊறிப் பருத்து மதில் சுவரையே நகர்த்துவதையும் நாம் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறோம். அந்த அசைவு குழாயையும் விடுவதில்லை. ஆண்டுக்கு ஒரு முறை ஏறி இறங்கும் மண்ணுக்குள், வளையவே தெரியாத சிமென்ட் இணைப்பில் விரிசல் விழுந்தே தீரும்.

வேர் அந்த விரிசலுக்குப் பிறகுதான் வருகிறது. இந்த வரிசையை உறுப்பினர்கள் மனத்தில் நிறுத்த வேண்டும் என்று வேண்டுகிறேன். நல்ல நிலையில் இருக்கும் குழாயை மரத்தின் வேர் துளைத்துக்கொண்டு உள்ளே போவதில்லை. விரிசல் வழியாகக் கசியும் ஈரம் சுற்றியுள்ள மண்ணை நனைக்கிறது. காய்ந்த மண்ணில் அந்த ஈரம் இருக்கும் பக்கமாக நுனிவேர்கள் வளர்கின்றன. முடியிழை போன்ற ஒரு வேர் இடுக்கில் நுழைகிறது. குழாய்க்குள் ஒரு வேர் விரும்பும் எல்லாமே உண்டு: இருட்டு, ஈரம், சத்து, அதோடு காற்று. வீட்டுக் கழிவுநீர்க் குழாய் எப்போதும் நிரம்பி ஓடுவதில்லை என்பதால் மேல்பாதியில் காற்று நிற்கிறது. நுழைந்த வேர் அங்கே பல நூறு சல்லி வேர்களாகப் பிரிந்து திரைபோலத் தொங்குகிறது. பாத்திரம் தேய்த்த தேங்காய் நார், தலைமுடி, குளிர்ந்து உறைந்த எண்ணெய்ப் பிசுக்கு, கழிப்பறையில் போடக்கூடாத துணியும் நாப்கினும் அதில் சிக்கிச் சிக்கி ஒரு நாள் குழாய் முழுவதும் மூடிக்கொள்கிறது.

அண்மையில் குறுக்குத் தெரு வீடொன்றின் கடைசிச் சேம்பரிலிருந்து வெளியே எடுக்கப்பட்ட வேர்க்கொத்தைக் கழுவிப் பார்த்தேன். பெண்களின் பின்னல் சடை போலக் கைநீளத்துக்கு இருந்தது. குழாயின் உருட்டு வடிவத்தை அப்படியே வாங்கியிருந்தது. அவ்வளவு பெரிய கொத்தும் ஒரே ஒரு தாய்வேரிலிருந்து கிளைத்தது. அந்தத் தாய்வேர் மண்ணில் இருந்த பக்கம் உருண்டையாகவும், குழாய்க்குள் வந்த பக்கம் உருண்டையாகவும், இடையில் ஒரு விரற்கடை நீளத்துக்கு மட்டும் நாடாவைப்போலத் தட்டையாகவும் இருந்தது. இணைப்பின் இடுக்கு எவ்வளவு மெல்லியதாக இருந்ததோ, அதே அளவுக்குத் தன்னை நசுக்கிக்கொண்டு அது நுழைந்திருக்கிறது. அந்தத் துண்டைக் கூட்டத்துக்குக் கொண்டுவருகிறேன். ஒவ்வொருவரும் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும்.

வேர் உள்ளே வர வழி இருக்கிறது என்றால் கழிவுநீர் வெளியே போகவும் வழி இருக்கிறது. அடைப்பைவிட எனக்கு அதிக அச்சம் தருவது இதுதான். 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்ட பிறகு நம் கிணறுகளில் நீர் ஊறியதை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அந்தக் கிணறுகளுக்கும் ஆழ்குழாய்க் கிணறுகளுக்கும் சில அடி தூரத்தில் இந்த இணைப்புகள் ஆண்டு முழுவதும் கசிந்துகொண்டிருக்கின்றன. குடிநீர்க் குழாயும் அதே சந்தில் அருகிலேயே போகிறது. குடிநீர் நாள் முழுவதும் வருவதில்லை. விநியோகம் நின்று அழுத்தம் குறையும் நேரத்தில், பழுதான குடிநீர் இணைப்பு சுற்றியுள்ள மண்ணின் ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளக்கூடும். மழைக்காலத்தில் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. உயர்ந்த நிலத்தடி நீர் அதே விரிசல்கள் வழியாகக் கழிவுநீர்க் குழாய்க்குள் புகுந்து அதை நிரப்பிவிடுகிறது. நவம்பரில் நம் சேம்பர்கள் பொங்குவதற்கு மழைநீர் வடிகால் மட்டுமே காரணம் என்று நாம் பேசி வருகிறோம். அதில் ஒரு பங்கு நம் வீட்டுக் குழாய்களுடையது.

இப்போது மரத்தை வெட்டிவிட்டால் என்ன ஆகும் என்று பார்ப்போம். தூங்குமூஞ்சி அடிமரத்திலிருந்து மறுபடி துளிர்க்கும் மரம். வேரோடு பெயர்த்தால்தான் அந்தத் துளிர்ப்பு நிற்கும். வேரோடு பெயர்த்தால் அதனூடே பின்னிக் கிடக்கும் குழாயும் சேர்ந்து பெயரும். பெயர்க்காமல் அடிமரத்தைச் சாகவிட்டால், சில ஆண்டுகளில் பருத்த வேர்கள் மண்ணுக்குள் மட்கி, அவை இருந்த இடம் வெற்றிடமாகி, மேலே இருக்கும் குழாய் இறங்கி, நீர் ஓடுவதற்கான சரிவாகிய வாட்டம் கெடும். மரம் இத்தனை ஆண்டுகளாக உறிஞ்சிக்கொண்டிருந்த நீரை இனி யாரும் உறிஞ்சாததால் களிமண் முன்னைவிட அதிகமாக ஊதி அருகில் உள்ள அடித்தளங்களைத் தூக்கும் வாய்ப்பும் உண்டு. இவை எல்லாவற்றையும் தாண்டினாலும் இணைப்பில் இருந்த விரிசல் அப்படியேதான் இருக்கும். எதிர்வீட்டு வேம்பின் வேரோ, தோட்டத்துத் தென்னையின் வேரோ அதற்குள் வர அதிக காலம் ஆகாது. நம் தெருவில் மரமே இல்லாத வடகோடி வீடு ஒன்றிலும் வேர் அடைப்பு வந்ததை நிர்வாகிகள் அறிவார்கள். ஒரு மரத்தின் வேர் அதன் கிளைப் பரப்பைத் தாண்டி வெகுதூரம் ஓடும் என்பதால் அதில் புதிர் எதுவும் இல்லை.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் நம் நகரின் மரங்களில் எத்தனையைச் சாய்த்தது என்பதை அன்று இங்கே இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மிஞ்சியவற்றில் மூன்று இவை. மே மாதப் பிற்பகலில் காய்கறி வண்டிக்காரரும் பள்ளி வேனிலிருந்து இறங்கும் பிள்ளைகளும் நிற்பது இந்த நிழலில்தான். அவற்றை இழக்கத் தகுந்த காரணம் இருந்தால் நானே கையெழுத்திடுவேன். சிமென்ட் பூச்சு விட்டுப்போனது அப்படிப்பட்ட காரணம் ஆகாது.

அடுத்து, சில வீடுகளில் மயில்துத்தத்தையும் (காப்பர் சல்பேட்) காஸ்டிக் சோடாவையும் ஆசிட்டையும் கழிப்பறையில் கொட்டி வேரை அழிக்க முயல்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். தயவுசெய்து இதை நிறுத்தும்படி சங்கம் அறிவிக்க வேண்டும். கொட்டிய கரைசல் குழாயின் அடியோடு ஓடிவிடுகிறது; மேலிருந்து தொங்கும் வேரில் நுனி மட்டும் கருகுகிறது; கருகிய நுனிக்குப் பின்னாலிருந்து புது வேர்கள் கிளைக்கின்றன. ஆசிட் சிமென்டைக் கரைத்து, இருக்கும் விரிசலை இன்னும் அகலமாக்குகிறது. மயில்துத்தம் விரிசல் வழியாக மண்ணிலும் கிணற்றிலும் இறங்குகிறது. சுத்திகரிப்பு நிலையம் வரை போனால் அங்கே கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்களைக் கொல்கிறது. ஆசிட் ஊற்றிய குழாயில் அடுத்த வேளை பிளீச்சிங் பவுடரைப் போட்டால் குளோரின் வாயு கிளம்பும். எல்லாவற்றுக்கும் மேலாக, அடைப்பு எடுக்க வரும் மனிதர் மூடியைத் திறந்ததும் அவர் முகத்துக்கு நேரே நிற்பது அந்த ஆசிட்தான்.

அந்த மனிதரைப் பற்றித்தான் இரண்டாவது தீர்மானம். நம்மில் பலர், ஆறடிச் சேம்பர்தானே, இடுப்பளவு இறங்கி மூங்கில் பிளாச்சைக் குத்திவிட்டு ஏறிவிடுவார் என்று நினைக்கிறோம். வேர் அடைத்த குழாய்க்குப் பின்னால் கழிவு நாள்கணக்கில் காற்றின்றித் தேங்கி நிற்கிறது. அது கலக்கப்படும் நொடியில் ஹைட்ரஜன் சல்பைடு வாயு வெளியேறுகிறது. குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றமடிக்கும் அந்த வாயு, அளவு கூடியதும் மூக்கின் நுகரும் திறனையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நம்பி இறங்குகிறவர் மயங்கி விழுகிறார். அவரைத் தூக்கக் குதிக்கும் இரண்டாமவரும் விழுகிறார். தமிழ்நாட்டில் இப்படி இறந்தவர்களின் செய்திகளை நாம் படித்துக்கொண்டே இருக்கிறோம்.

மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அரசு அமைப்புகளுக்கு மட்டும் உரியது அன்று. பாதுகாப்பு ஏற்பாடுகள் இன்றிப் பாதாளச் சாக்கடையிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ அபாயகரமான துப்புரவுப் பணிக்கு ஒருவரை நேரடியாகவோ மறைமுகமாகவோ அமர்த்தும் எந்தத் தனி ஆளையும் அது கட்டுப்படுத்தும். முதல் முறைக்கே இரண்டாண்டு வரை சிறையோ, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். இத்தகைய மரணங்களுக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2014 மார்ச்சில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. ஒப்பந்தத்தில் ஆள் அனுப்புபவர் வேறொருவர் என்பதால் சங்கத்தின் பொறுப்பு நீங்கிவிடாது. ஆனால் நான் சட்டத்துக்கு அஞ்சி இதைச் சொல்லவில்லை. நம் வீட்டுக் கழிவுக்காக இன்னொரு வீட்டுப் பிள்ளை உயிரைப் பணயம் வைக்கக்கூடாது. சட்டமே இல்லாவிட்டாலும் என் நிலை இதுவே. எந்த ஆழத்திலும், எந்தக் கூலிக்கும், எந்த அவசரத்திலும் நம் நகரில் ஒருவரும் சேம்பருக்குள் இறங்கக்கூடாது என்று தீர்மானம் எழுதுங்கள்.

அப்படியானால் அடைப்பை எப்படி எடுப்பது என்ற கேள்வி நியாயமானது. தரையில் நின்றபடியே இயக்கும் ஜெட்டிங் வண்டி இருக்கிறது. உயரழுத்த நீரைப் பின்னோக்கிப் பீய்ச்சிக்கொண்டு முன்னேறும் அதன் முனையில் வேர் அறுக்கும் கருவியைப் பொருத்திக்கொள்ளலாம். ஏற்கெனவே நொறுங்கிய ஸ்டோன்வேர் குழாயில் முழு அழுத்தத்தைக் கொடுத்தால் சில்லுகள் பெயர்ந்துவிடும் என்பதால், அனுபவமுள்ளவரைக் கொண்டு அழுத்தத்தைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். அறுத்த வேர் மறுபடி வளரும், முன்னைவிட அடர்த்தியாகவே வளரும். ஆகவே ஜெட்டிங்கை நான் வைத்தியமாகச் சொல்லவில்லை. பழுது பார்ப்பதற்கு நமக்குக் கிடைக்கும் கால அவகாசம் என்று மட்டும் சொல்கிறேன்.

குழாய் கழுவப்பட்ட அதே நாளில் கேமராவை உள்ளே செலுத்த வேண்டும். வளையும் கம்பியின் முனையில் விளக்கோடு இருக்கும் சிறு கேமரா இப்போது தனியார் பிளம்பிங் பணியாளர்களிடம் வாடகைக்கே கிடைக்கிறது. எந்த இணைப்பில் வேர் எட்டிப்பார்க்கிறது, சேம்பரிலிருந்து எத்தனை அடியில் இருக்கிறது என்பதை அது காட்டிவிடும். கேமரா கிடைக்காவிட்டால், குழாயின் கீழ்முனையை அடைத்து, மேல் சேம்பரில் நீர் நிரப்பி, மட்டத்தைச் சுண்ணாம்பால் குறித்து அரைமணி நேரம் பார்த்தால் போதும். மட்டம் இறங்கினால் கசிவு இருக்கிறது. இடம் மட்டும் தெரியாது.

பழுதான பகுதியை மாற்றும்போது ஓர் இணைப்பை மட்டும் பூசிவிட்டு மூடுவது பணத்தை மண்ணில் போடுவதாகும். மரத்தின் அருகே போகும் பகுதி முழுவதையும் பூமிக்கடியில் பதிப்பதற்கென்றே செய்யப்படும் கனமான பிவிசி குழாயாக மாற்ற வேண்டும். அது இருபது அடி நீளத்தில் கிடைக்கிறது. பதினைந்து இணைப்பு இருந்த இடத்தில் ஒன்றோ இரண்டோதான் வரும். நான்கு அங்குலக் குழாய்க்கு நாற்பது அடிக்கு ஓர் அடி, ஆறு அங்குலக் குழாய்க்கு அறுபது அடிக்கு ஓர் அடி என்ற வாட்டம் குறையாமல், கல் இல்லாத மணல் படுகையின் மேல் பதிக்க வேண்டும். இதில் பெரும்பாலோர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. பிவிசியின் வழுவழுப்பான மேற்பரப்பைச் சிமென்ட் பிடிக்காது. சேம்பர் சுவருக்குள் குழாய் நுழையும் இடத்தில் சிமென்ட் பூசினால் அடுத்த கோடையில் அங்கே ஒரு வளைய இடைவெளி தோன்றும். வேர் அதன் வழியே வந்துவிடும். அந்த இடத்தில் குழாயின் மேல் சால்வென்ட் பசையைத் தடவி, அது ஈரமாக இருக்கும்போதே மணலைத் தூவி உலரவிட்டு, சொரசொரப்பான பிறகு பூச வேண்டும். பழைய ஸ்டோன்வேரோடு பிவிசி சேரும் இடத்தில் ரப்பர் இணைப்பான் போட வேண்டும். செங்கல் சேம்பரின் உட்பூச்சு வெடித்திருந்தால் அதையும் அன்றே செப்பனிட வேண்டும்.

தோண்டும் வேலைக்கு ஜேசிபி வேண்டாம். அதன் பல் வேரை அறுப்பதில்லை, பிய்த்து இழுக்கிறது. கிழிந்த வேர் அழுகும். ஒருபுறம் பிடிமானம் இழந்த மரம் அடுத்த புயலில் ஏதாவதொரு வீட்டின் மேல்தான் விழும். கட்டைவிரலைவிடப் பருத்த வேர்களை விட்டுவிட்டு அவற்றின் அடியே குடைந்து குழாயைச் செலுத்த முடியும், நான் செய்வித்திருக்கிறேன். மெல்லிய வேர்களைக் கூர்மையான ரம்பத்தால் நறுக்கென்று அறுத்து, பள்ளம் மூடும் வரை ஈரச் சாக்கைப் போட்டு வைத்தால் மரம் தாங்கிக்கொள்ளும். மரத்தடி வரை போட்டிருக்கும் கான்கிரீட்டையும் இதே சமயத்தில் உடைத்துவிடலாம். தில்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குக் கான்கிரீட்டை அகற்ற வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் உத்தரவிட்டது. மழைநீர் அடிமரத்தருகே இறங்க வழி இருந்தால் மண்ணில் ஈரம் பரவலாக இருக்கும். குழாயோரம் மட்டுமே ஈரம் என்ற நிலை குறையும்.

பள்ளமே தோண்டாமல், ரெசினில் தோய்த்த உறையைப் பழைய குழாய்க்குள் செலுத்தி இறுகவைக்கும் முறை 1971-இல் லண்டனில் தொடங்கி இன்று பல நாடுகளில் வழக்கத்தில் உள்ளது. நம் வீட்டு இணைப்புகள் குட்டையானவை, ஆழமும் குறைவு என்பதால் நமக்கு அது தேவைப்படாது என்று கருதுகிறேன்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. நிழல் எல்லோருக்கும், குழாய்ச் செலவு மட்டும் மரத்தடி வீட்டாருக்கு என்பது நியாயமில்லை. அந்த வீடுகளின் மாற்றுச் செலவில் பாதியைச் சங்கத்தின் பொது நிதியிலிருந்து கொடுக்க வேண்டும் என்பது என் திட்டவட்டமான கருத்து. ஆண்டு ஒப்பந்தத்துக்கென்று ஒதுக்க நினைத்த தொகையை இதற்குத் திருப்பினாலே தொடங்கிவிடலாம்.

ஆகவே கூட்டத்தில் இவற்றை எடுத்துக்கொள்ளும்படி வேண்டுகிறேன்: மரம் அகற்றும் தீர்மானத்தைத் திரும்பப் பெறுவது, சேம்பருக்குள் ஆள் இறங்குவதைத் தடைசெய்வது, அடைப்பு வந்த வீடுகள் அனைத்திலும் ஜெட்டிங்கும் கேமரா ஆய்வும் ஒரே வாரத்தில் செய்துமுடிப்பது, ஒவ்வொரு வீட்டுக் குழாயும் எந்த வழியாக, எவ்வளவு ஆழத்தில் போகிறது என்று ஒரு வரைபடம் தயாரித்துச் சங்க அலுவலகத்தில் வைப்பது. வரைபடம் இருந்தால் இனி மரம் நடுகிறவர்கள் அரச மரத்தையும் அத்தி மரத்தையும் குழாயை விட்டுத் தள்ளி நடுவார்கள். குழாய் போகும் இடத்தில் நந்தியாவட்டை, செம்பருத்தி போன்ற செடிகளோடு நிறுத்திக்கொள்வார்கள்.

தெருவை வெட்ட மாநகராட்சியின் அனுமதி வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சாலை வெட்டுக்கு அனுமதி வழக்கமாக நிறுத்தி வைக்கப்படுகிறது. தெருவின் பிரதானக் குழாயோடு நம் குழாய் சேரும் இடத்தில் கை வைப்பதற்குக் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீரகற்று வாரியத்தின் ஒப்புதலும் தேவை. விண்ணப்பங்களை இந்தக் கூட்டம் முடிந்த வாரத்திலேயே கொடுத்தால்தான் மழைக்கு முன் பள்ளங்களை மூட முடியும். விண்ணப்பத்துக்கான வரைவையும் குறுக்குத் தெருவின் குழாய்வழிக்கு நான் போட்டு வைத்திருக்கும் முதல் வரைபடத்தையும் செயலாளர் அவர்களிடம் கூட்டத்துக்கு முன்பே ஒப்படைத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
குறுக்குத் தெருவைச் சேர்ந்த சங்க உறுப்பினர்